வரிசையில் ஒரு ஜோடி அதிகம்

மே 4

மச்சான் அவர்களுக்கு,

ஆற்றுப் பாலம் நடுவில் உட்கார்ந்துபோன வருஷம் அது. ரயில்காரர்கள் வேலைக்குப் போகாமல் இருந்ததில் ஸ்டேஷனில் வெங்காய மூட்டைகள் முளைவிட்டு, சாக்கைக் கிழித்துக்கொண்டு பச்சைப்பசேலென்று நின்றதும் அந்த வருஷம்தான். பட்டப்பகலில் கிரகணம் பிடித்து, கோழிகள் பொழுது சாய்ந்ததென்று நினைத்துக் கூண்டுக்குள் போனதும் அதே வருஷம். அது எத்தனையாவது வருஷம் என்று படித்தவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு இவை போதும். உங்களுக்கும் போதும். உங்கள் அண்ணன் கவுன்சிலர் ஆனது அந்த வருஷம். ஆன கையோடு போய்ச் சேர்ந்ததும் அந்த வருஷம். நீங்கள் என்னோடு பேச்சை நிறுத்தியதும் அப்போதுதான்.

உங்கள் தங்கை, என் சம்சாரம், போனபோதுகூட நீங்கள் வரவில்லை. அதைப் பற்றி இதில் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இதை எழுதுவது என் மருமகள். நான் வாயால் சொல்ல, தையல் மிஷின் பலகையில் வைத்து எழுதுகிறாள். நான் சொல்வதை இஸ்திரி போட்டு எழுதுகிறாள் போலிருக்கிறது; திருப்பி வாசிக்கும்போது நானே மரியாதைப்பட்ட மனிதனாகத் தெரிகிறேன். என் மகன் வழக்கம்போல லாரியில் எங்கோ போய்க்கொண்டிருக்கிறான். போனில் கேட்டிருக்கலாம். உங்களுக்குக் காது மந்தம் என்று கேள்விப்பட்டேன். இது கத்திக் கேட்கிற விஷயமும் இல்லை.

கவுன்சில் தேர்தல் மறுபடி வருகிறது. நம் தெருவில் மறுபடி செருப்பு வைக்கப் போகிறார்கள். இந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்த பிறகு அது நடந்ததே இல்லை, அதனால் இவளுக்காகவும் சொல்கிறேன். நம் தெருவிலிருந்து இரண்டு பேர் நின்றால் ஓட்டு உடைந்து வெளியாள் ஜெயிப்பான். ஆகவே யாரை நிறுத்துவது என்று முதலில் தெருவே முடிவு செய்யும். கை தூக்கச் சொன்னால் பகை வரும். எழுதிப் போடச் சொன்னால் பாதிப் பேருக்கு எழுத்து வராது. அதனால் பம்ப் ஹவுஸ் கூடத்தில், நிற்க விரும்புகிறவர்கள் தங்கள் செருப்பைச் சுவரோரம் முன்னால் வைப்பார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போகிற வழியிலோ வருகிற வழியிலோ தனித்தனியாக உள்ளே போய், பிடித்தவர் பின்னால் ஒரு பழைய ஜோடியை வைத்துவிட்டு வருவார்கள். இருட்டியதும் கூடத்தைப் பூட்டி, காலையில் எல்லோர் முன்னிலையிலும் திறப்போம். நீளமான வரிசை யாருடையதோ அவர்தான் ஆள். பூட்டுவதும் திறப்பதும் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வுக்காரனான என் வேலை. யாருடைய செருப்பு என்று தெரியாது என்பது தெருவின் நம்பிக்கை. குழாயடியில் உட்கார்ந்தே காலம் கழித்தவனுக்கு முகத்தைவிடக் கால்தான் பழக்கம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் ஒரு வரிசைக்கு முன்னால் உங்கள் அண்ணன் செருப்பு. இன்னொன்றுக்கு முன்னால் விறகுக்கடைக்காரர் செருப்பு. காலையில் திறந்தபோது விறகுக்கடைக்காரர் வரிசையில் ஒரு ஜோடி அதிகம். நீங்கள் வரிசையோரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து ஒரு ஜோடிக்கு முன்னால் நின்றுவிட்டீர்கள். டயர் அடி, கட்டைவிரல் வாருக்குப் பதில் முறுக்கிய கம்பி. உங்கள் அப்பாவுடையது. அவர் இறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது.

"செத்த மனுஷன் செருப்பக் கொண்டாந்து என் அண்ணனுக்கு எதிரா வெக்கிறியா? சாவி உன்கிட்டதானடா இருந்துச்சு?" என்று என் சட்டையைப் பிடித்தீர்கள். பிறகு அந்த ஜோடியை எடுத்துத் தெருவில் வீசினீர்கள். வரிசைகள் சமமாகிவிட்டன. விறகுக்கடைக்காரர், "இதுக்கு மேல எனக்கு வேணாம்பா. நீங்களே நில்லுங்க" என்று தன் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் நின்றார். ஜெயித்தார். முதல் வேலையாகத் தெருவின் தண்ணீர் டேங்க்கைச் சோதிக்கிறேன் என்று செருப்பை ஏணியடியில் விட்டுவிட்டு மேலே ஏறினார். இறங்கவில்லை. சொல்லாமல் வெளியூர் போயிருப்பார் என்று தெரு நினைத்தது. செருப்பு ஏணிக்குப் பின்னால் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேலே போய்ப் பார்க்கிற வரைக்கும் நான் வால்வைத் திறந்துகொண்டிருந்தேன். தெரு அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

அதன் பிறகு நம் தெருவில் யாரும் நிற்கவில்லை. இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் மருந்துக்கடைக்காரர். மற்றவள் இதை எழுதிக்கொண்டிருக்கிறாளே, இவள்.

அந்தச் செருப்பை நான் வைக்கவில்லை. நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். உங்கள் அப்பாவை அடக்கம் செய்தபோது அந்தச் செருப்பு எங்கே இருந்தது?

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்

மே 13

மாப்பிள்ளை,

"அவர்களுக்கு" எதற்கு, "நீங்கள்" எதற்கு? ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தவர்கள் நாம். உன்னை நான் கடைசியாகக் கூப்பிட்டது "டா" போட்டுத்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அச்சகத்தில் பிழை திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நான். உன் மருமகள் எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. அதுவே எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. தப்பில்லாமல் எழுதினால் பொய்யும் நிஜம் மாதிரி நிற்கும்.

கேட்டதற்குப் பதில். அப்பாவின் செருப்பு அப்பாவின் காலில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் யாரையும் வெறுங்காலோடு அனுப்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். நான்தான் மாட்டிவிட்டேன். பாதம் வீங்கியிருந்தது, கம்பியை நெளித்துத்தான் போட வேண்டியிருந்தது. அதன் மேல் மண்ணும் நான்தான் தள்ளினேன். ஆகவே வரிசையில் இருந்தது அதே மாதிரி வேறொரு ஜோடி. வால்வுக்குக் கம்பி கட்டியே பிழைத்தவனுக்குச் செருப்பில் ஒரு கம்பி முறுக்கத் தெரியாதா?

அப்பாவுக்கு அண்ணன்தான் உயிர். என்னை அவர் கூப்பிடுவதே "அவனைக் கூப்பிடு" என்று சொல்லத்தான். அப்படிப்பட்டவரை அவருக்கு எதிர்வரிசையில் வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்பதைத்தான் இத்தனை காலமும் யோசிக்கிறேன்.

தங்கை விஷயம். ஸ்டேஷன்வரை வந்தேன். வண்டியும் வந்தது. அது கிளம்பிப் போகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் கேட்காதே.

மருமகள் நிற்கட்டும். தைக்கிறவளுக்கு அளவு தெரியும், கவுன்சிலுக்கு அது போதும். மருந்துக்கடைக்காரர் எதைக் கேட்டாலும் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்றுதான் திருப்பிக் கேட்பார்.

நான் மகள் வீட்டில் இருக்கிறேன். முழங்கால் போய்விட்டது. மாவு மாதிரி மெத்தென்று ஒரு செருப்பு வாங்கித் தந்திருக்கிறாள், பச்சை வார். டாக்டர் வீட்டு வாசலில் மாறிப்போகிறது என்று பேத்தி இடது வாரில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். இந்த வயதில் எனக்குப் பொட்டு. சிரிக்காதே.

உன் மச்சான்

மே 22

மச்சான்,

சிரித்தேன். இவளும் சிரித்தாள். அது நேற்று முன்தினம், உன் கடிதம் வந்த அன்று. இன்று சிரிப்பில்லை.

நேற்று மாலை செருப்பு வைத்தார்கள். இன்று காலை திறந்தேன்.

இவள் வரிசையும் மருந்துக்கடைக்காரர் வரிசையும் சமம். எல்லோரும் அடடா என்றார்கள். நான் மருந்துக்கடைக்காரர் வரிசையின் கடைசி ஜோடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்புத் தோல், பின்வார் பிய்ந்து மஞ்சள் நூலில் தைத்தது. உன் தங்கையுடையது. தைத்தது இவள்தான். மஞ்சள் எதற்கும்மா, பளிச்சென்று தெரிகிறதே என்று உன் தங்கை கேட்டதற்கு, "தெரியட்டும் அத்தே, மருமக தெச்சுக் குடுத்தான்னு ஊர் பாக்கட்டும்" என்றாள். கடைசி நாள்வரை உன் தங்கை அதைத்தான் போட்டிருந்தாள். உங்கள் வீட்டு வழக்கப்படி அதோடுதான் அனுப்பினோம். மண் தள்ளியது நான்.

மச்சான், அது நனைந்திருந்தது. தெருவில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. குழாயில் காற்றுதான் வருகிறது, அதற்காகத்தான் இவள் தேர்தலுக்கே நிற்கிறாள். ஆனால் அந்தச் செருப்புக்குக் கீழே சிமென்ட் கறுத்துப் போயிருந்தது. வாசலிலிருந்து அதுவரைக்கும் காய்ந்த தரை. குனிந்தேன். பாசியும் இரும்புமாக ஒரு வாசம். அது எந்தத் தண்ணீர் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். "சமம்னா இன்னொரு தடவ வெப்போம். எனக்கு அவசரமில்ல" என்றார். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மறுபடி வைக்கப் போகிறார்கள். அந்த ஜோடியை யாரோ வீசப்போனார்கள். நான் கையை நீட்டித் தடுத்தேன். ஒன்று வீசியது போதும். மத்தியானம் போய்ப் பார்த்தபோது அது அங்கே இல்லை. ஈரம் மட்டும் இருந்தது. பூட்டும் சாவியும் என்னிடம்தான்.

வீட்டுக்கு வந்ததும் இவள் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. "அத்தைக்கு என்னைப் பிடிக்காமப் போச்சா மாமா?" என்றாள். சாகும்போது உன் தங்கை என் கையைப் பிடிக்கவில்லை. இவள் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

உன் அப்பாவுக்கு அண்ணன்தான் உயிர் என்று எழுதியிருந்தாய். அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். அன்றைக்கு அவர் ஜோடியைக் கையால் தொட்டது நீ ஒருவன்தான். அது ஈரமாக இருந்ததா?

உன் மாப்பிள்ளை

பின்குறிப்பு. பெரிய மாமாவுக்கு: இது மாமா சொல்லி எழுதுவது இல்லை. அந்த மஞ்சள் நூல்கண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டிருந்தபோது செருப்பிலிருந்து ஒரு நூல்முனையை அறுத்துக்கொண்டு வந்து ஒட்டிப் பார்த்தேன். அதே நூல்தான். ஆனாலும் நான் பின்வாங்கப் போவதில்லை. என் பிள்ளைகள் கைகழுவுகிற தண்ணீரை எடுத்துவைத்துக் கக்கூஸுக்கு ஊற்றுகிறோம். இதை மட்டும் அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. — மருமகள்

மே 31

மாப்பிள்ளை,

ஈரமாகத்தான் இருந்தது.

வீசும்போது முகத்தில் தெறித்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். நாற்றம் வீடுவரை வந்தது. சாக்கடையில் நனைத்து எடுத்து வந்திருக்கிறாய் என்று உன் மேல் இன்னும் ஆத்திரம். பிறகு டேங்க்கிலிருந்து அண்ணனை இறக்கியபோது காலைப் பிடித்தவன் நான். அதே வாசம். அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாது என்று வைத்துக்கொள்ள எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நீ பக்கத்திலேயே இருந்தாய், சாவியும் உன் கையில் இருந்தது.

அப்பா அண்ணனுக்கு எதிராக நிற்கவில்லை, மாப்பிள்ளை. தடுத்தார். நான் அவரைத் தெருவில் வீசினேன்.

அந்தப் பெண்ணிடம் இதை அவளையே வாசிக்கச் சொல். அம்மா, உன் அத்தை உனக்கு எதிர்க்கட்சி இல்லை. வாசலில் குறுக்கே நின்று கையை விரித்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். பிழை திருத்துகிறவன் சொல்கிறேன், இதில் வேறு அர்த்தம் தேடாதே.

நான் வருகிறேன். மகள் கத்துகிறாள், முழங்கால் அதற்கு மேல் கத்துகிறது. வெள்ளிக்கிழமை வண்டி ஏறினால் சனிக்கிழமை உன் வாசலில் இருப்பேன். இந்தத் தடவை பெஞ்சில் உட்கார மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் பொட்டு வைத்த செருப்பை மருந்துக்கடைக்காரர் வரிசையில், தங்கை பக்கத்தில் வைக்கிறேன். ஜெயித்து ஏணியில் ஏறினால் அவர் தப்பித்துக்கொள்வாரா என்று என்னிடம் கேட்காதே. அதை நினைத்தால் எனக்கும் தூக்கம் வரவில்லை.

பீடி வாங்கி வை.

உன் மச்சான்

ஜூன் 8

மச்சான்,

சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். வண்டியைச் சுத்தம் செய்ய ஆட்கள் ஏறுகிறவரை நின்றேன். உனக்கு வாங்கிய பீடிக்கட்டு சட்டைப் பையில் இருக்கிறது, பிரிக்கவில்லை. உன் மகள் வீட்டுக்குப் போன் போட்டோம். மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. முழங்கால் மறுபடி உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது என்றுதான் இவளிடம் சொன்னேன்.

உன் கடிதத்தை இவளே வாசித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தை குறுக்கே நிக்கறாங்கன்னா நான் சுத்திக்கிட்டுப் போறேன் மாமா. குழாய்ல தண்ணி வரணும்ல?" என்றாள். உன் தங்கை வளர்த்த பிடிவாதம். என்னால் திட்டக்கூட முடியவில்லை.

நான் யோசித்தேன். இவளைத் தடுத்தால் மருந்துக்கடைக்காரர் ஏணியில் ஏறுவார். அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள். யாராவது ஒருவர் ஏறத்தான் வேண்டும். டேங்க்கைப் பார்க்காமல் தண்ணீர் வராது.

ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் பார்க்க நான் கூடத்துக்குள் போய், அந்த இரண்டு வரிசைக்கும் பக்கத்தில், சுவரோரம் முன்னால் என் செருப்பை வைத்தேன். பின்னால் இல்லை, முன்னால். வாசலில் சிரிப்பு. சோடாக்கடைப் பையன் பெருத்து இப்போது தொப்பைக்காரன் ஆகிவிட்டான், அவன் கேட்டான்: "தாத்தா, மனுவுல கையெழுத்து யாரு போடுவா?"

"கட்டவிரல் இன்னும் இருக்குடா. உங்கப்பன் எங்கிட்ட வாங்குன கடனுக்கு நாளைன்னு சொல்லிட்டுப் போனப்பெல்லாம் அதாலதான் நெத்தியத் தேச்சுக்கிட்டேன்" என்றேன்.

இவள் சிரிக்கவில்லை. என் பின்னால் ஒரு ஜோடிகூட யாரும் வைக்கவில்லை. பூட்டினேன்.

காலையில் திறந்தபோது முதலில் வந்தது வாசம். வாசலில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பிறகுதான் பார்த்தார்கள். இவள் வரிசை அப்படியே இருந்தது. மருந்துக்கடைக்காரர் வரிசையும் அப்படியே, அதில் ஈர ஜோடி எதுவும் இல்லை. என் வரிசை எதிர்ச்சுவர்வரை போய், அங்கே இடம் பத்தாமல் வளைந்து திரும்பியிருந்தது. எல்லாம் நனைந்தவை. தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

"யாரு செருப்பு தாத்தா இதெல்லாம்?" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

நான் வரிசையோரமாகக் குனிந்து நடந்தேன், அன்றைக்கு நீ நடந்த மாதிரி. டயர் அடி, முறுக்கின கம்பி, உன் அப்பா. மஞ்சள் நூல், உன் தங்கை. அண்ணனுடைய ஜோடி, அன்று ஏணியடியில் காய்ந்து கிடந்தது, இன்று ஊறிப் போயிருந்தது. விறகுக்கடைக்காரருடையது, சிராய் குத்திய அடியோடு. சோடாக்காரர். தெருவுக்கே பிரசவம் பார்த்த ஆயா. சாவியைத் தொலைத்துக்கொண்டே இருப்பாரே சைக்கிள்கடைக்காரர், அவர். ரயில்வேக்காரர். இரட்டைப் பிள்ளைக்காரி. அந்த வருஷம் அந்தக் கூடத்தில் யார் யார் செருப்பு வைத்தார்களோ, எல்லோரும்.

அப்போது என் செருப்புக்கு நேர் பின்னால், முதல் இடத்தில் இருந்ததைப் பார்த்தேன். அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். நான் தாண்டி வந்துவிட்டேன், வேண்டுமென்றே தாண்டினேனோ என்னவோ. மெத்தென்ற அடி. பச்சை வார். இடது வாரில் சிவப்பாக ஒரு பொட்டு. அதுவும் நனைந்துதான் இருந்தது.

இந்த வரிசை எனக்குக் குறுக்கே நிற்கவில்லை, மச்சான். எனக்குப் பின்னால் நிற்கிறது.

இவள் மட்டும் உள்ளே வந்தாள். தன் வரிசையின் முன்னாலிருந்து தன் செருப்பை எடுத்தாள். அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நடந்து வந்து, வளைந்து திரும்பிய வரிசையின் கடைசியில் வைத்தாள். காய்ந்த ஜோடி அது ஒன்றுதான். "தண்ணி வந்தாப் போதும்" என்றாள். என்னிடம் சொன்னாளா, அவர்களிடம் சொன்னாளா தெரியவில்லை. மருந்துக்கடைக்காரரும் தன்னுடையதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மனுவில் கைநாட்டு வைத்துவிட்டேன். எதிரில் நிற்கிற வெளியாளுக்கு நம் தெரு இருக்கிற பக்கமே தெரியாதாம். ஜெயித்தால் முதல் வேலை ஏணி. புது ஏணி, கைப்பிடியோடு செய்து தருகிறோம் என்கிறார்கள். செய்யட்டும், எனக்குப் பின்னால் ஏறுகிறவர்களுக்கு ஆகும். நான் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டவன். அதை ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. இறங்கினால் இறங்குகிறேன். செருப்பை மட்டும் ஏணியடியில் விடப் போவதில்லை. போட்டுக்கொண்டே ஏறுவேன்.

இதைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவள் பேனாவை வைத்துவிட்டு, "இது யாருக்கு மாமா எழுதுறோம்?" என்றாள். எழுதும்மா, போய்ச் சேருகிற இடத்துக்குப் போகட்டும் என்றேன். உன் வீட்டிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை. வரும்.

பாலம் உட்கார்ந்த வருஷம் அந்தக் கூடத்தில் செருப்பு வைத்தவர்களை ஒவ்வொருவராக மனதுக்குள் எண்ணி, கடைசியில் நீயும் நானும் இருக்கிறோம் என்று முடிப்பது என் வழக்கம். போன வாரம்வரை அப்படித்தான் முடித்தேன். இனி அவர்களில் உயிரோடு இருப்பது வால்வுக்காரன் ஒருவன்தான்.